ஆத்தாளுக்கு ஒரு சொம்பு

அதத்தானுங்க அனீஸ் தம்பி நானும் சொல்றேன், கோளாறு மெஷின்லதான். எத வேணும்னாலும் கழட்டிப் பாருங்க. அந்த மோட்டாரு மேல இருக்கற சொம்ப மட்டும் அசைச்சுப்போடாதீங்க. மத்ததெல்லாம் உங்க இஷ்டம்.

அஞ்சு நாளைக்குக் கெடாதுன்னு பால் பாட்டல் மேல அச்சடிச்சு ஒட்டியிருக்குதுங்க. ரெண்டாம் நாளே அடுப்புல வெச்சா திரியுது. சரவணம்பட்டி அப்பார்ட்மெண்ட்ல இருந்து ஒரு அம்மணி போன் பண்ணி, "ஏனுங்க பாலுசாமி அண்ணா, நாங்க பாலு கேட்டமா, பனீர் கேட்டமா"ங்குது. என்னத்த சொல்றது? இன்னொருக்கா கெட்டுதுன்னா பாட்டலே வேண்டாமுன்னு அவுங்க சங்கத்துல பேசி வெச்சிருக்கறாங்களாமா. அப்பறம் இந்த மெஷினையும் மாடுகளையும் ஒண்ணா ஓட்டிட்டுப் போயி பொள்ளாச்சி சந்தையில கட்ட வேண்டியதுதான்.

என்னுங்க? கூலிங் கேஸ் சரியாத்தான் இருக்குதுங்களா? நல்லாப் பாருங்க தம்பி. நாலு டிகிரி காட்டுதா? அது எப்பவும் நாலுதான் காட்டும். கத்திரி வெயில்லயும் நாலு, மழையிலயும் நாலு. நம்பிக்கையே வர மாட்டீங்குது.

இதெல்லாம் என்ற புள்ள பிரவீனா வேலைங்க. பாலுக்குன்னே ஒரு படிப்பு இருக்குதாமா, அதப் படிச்சுட்டு வந்தா. மாட்டுக்குக் கிட்டக்கப் போனா ஒதைக்குது, ஆனா பட்டம் வாங்கியிருக்கறா. வந்ததும் என்ன சொன்னா? "அப்பா, பால எழுவத்திரண்டு டிகிரிக்குச் சூடு பண்ணி, ஒடனே ஐஸாட்டம் குளிர வெச்சம்னா கிருமியெல்லாம் செத்துரும், பாலு நெம்ப நாளு நிக்கும்"னா. அதென்ன கண்ணு எழுவத்திரண்டு, பொங்க விட்டுப்போட்டா சோலி முடிஞ்சுதல்லன்னு கேட்டேன். பொங்குனா பச்சப்பால் ருசி போயிருமாம். காச்சுனாப்பலயும் இருக்கோணும், காச்சாத மாதிரியும் இருக்கோணுமாம். எங்கூட்டுக்காரி முத்தாத்தா வெக்கிற ரசம் அப்புடித்தான் இருக்கும், அதுக்கு ஆரும் மெஷின் வாங்கல.

அப்பறம் சட்டத்தப் போட ஆரம்பிச்சுட்டா பாருங்க. செருப்ப வாசல்ல உட்டுப்போட்டு வேற செருப்பு போடோணும். சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவோணும். தலைல பிளாஸ்டிக் தொப்பி. என்ற மண்டையப் பாருங்க தம்பி, இதுல இருந்து எந்த முடி பால்ல உழுகப்போவுது? கேட்டா, "புருவம் இருக்குதல்லப்பா"ங்கறா. டேங்க்கு மூடிய மட்டும் தொறக்கவே கூடாது. வெளிக்காத்து பட்டாலே கெட்டுருமாமா. என்ற மாமியா ஊட்டுக்குள்ள போறதுக்கே இத்தன கட்டுப்பாடு இல்லீங்க.

நான் எல்லாத்தையும் மாத்திப் பாத்துட்டேன். மாடு தின்ற பருத்திக்கொட்டைய மாத்துனேன். கறக்கற ஆள மாத்துனேன். வண்டி ஓட்டற ரசாக்கு வழியில டீ குடிக்க நிறுத்தறானோன்னு ஒரு நாளு பின்னாலயே போனேன். அவன் நிறுத்தல. நான்தான் நிறுத்திக் குடிச்சேன், பசி.

எல்லாம் சரியா இருக்குது, பாலு மட்டும் கெடுது. அந்த எரிச்சல்ல முந்தாநேத்து ஒரு வார்த்த சொல்லிப்போட்டனுங்க. "நீ படிச்ச லட்சணத்துக்குத்தான் பாலு இப்புடி நாறுது"ன்னு. பாட்டல் கழுவிட்டு நின்னுட்டிருந்தா. கைய தொடச்சுட்டு உள்ள போயிட்டா. ஓசூர்ல ஏதோ பெரிய பால் கம்பெனியில முன்னாடியே கூப்புட்டுட்டு இருந்தாங்களாமா. வாரேன்னு சொல்லிப்போட்டா. அக்கட்டால பாருங்க, வேப்பமரத்துக்குக் கீழ. அதா, அவ பைதான், பக்கத்துல அவளும் நிக்கறா. ரசாக்கு வண்டி வந்ததும் ஏறிருவா.

ஒத்தப் புள்ளைங்க தம்பி. அவ போயிட்டா இந்தத் தோட்டத்துல நானும் மாடும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துட்டு நிக்கோணும். முத்தாத்தா சோத்த தட்டுல போடறா, பேச்ச நிறுத்திப்போட்டா.

அதுக்குத்தான் உங்கள அவசரமா வரச்சொன்னது. மெஷின்ல கோளாறுன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லிப்போட்டா, அவ மேல தப்பில்லன்னு ஆயிரும். நானும் போயி, "அட மெஷின்தான் கண்ணு, நீ போகாத"ன்னு கௌரவமா சொல்லிப்போடுவேன். அதனால எதாச்சும் இருக்குதான்னு நல்லாத் தேடுங்க.

ஒண்ணுமே இல்லீங்களா? ஒரு ஓட்டை, ஒடசல்? எல்லாம் புதுசாட்டம் இருக்குதா? என்னுங்க தம்பி நீங்க, இத்தன தூரம் வந்து இப்புடிச் சொல்றீங்க.

மோட்டாரு மூடியத் தொறக்கோணுமா? அப்ப அந்தச் சொம்ப எடுக்கோணுமல்ல. இருங்க, நானே எடுக்கறேன், ஆத்தா சொம்பு. மேல மாகாளியாத்தா படம் மாட்டியிருக்கறமல்ல, அவுங்களுக்கு வெச்சது. அதுல என்ன இருக்குதா? பாலுதானுங்க. இந்தத் தோட்டத்துல மொத சொம்பு ஆத்தாளுக்குத்தான், எங்கய்யன் காலத்துல இருந்து. மெஷின் வந்துட்டா ஆத்தா பட்டினி கெடக்கறதா? பிரவீனாளுக்குத் தெரியாது. அவ பாட்டல் எடுக்க அந்தப் பக்கம் போற நேரம் பாத்து டேங்க்கு மூடியத் தூக்கி ஒரு சொம்பு மோந்துருவேன்.

நேத்து வெச்ச பாலு என்ன ஆகுதா? என்னுங்க இப்புடிக் கேக்கறீங்க. ஆத்தா பாத்த பால கீழ ஊத்த முடியுங்களா? பாவமல்ல. நானே குடிச்சாலும் தப்பு, என்ற ஒருத்தன் வயித்துக்குப் போயிரும். அதனால டேங்க்குலயே ஊத்திப்போட்டுத்தான் புதுசு மோக்கறது. எல்லா ஊட்டுக்கும் பிரசாதம் போய்ச் சேருதல்ல. அப்பார்ட்மெண்ட்காரங்களுக்கு அது தெரியாமயே புண்ணியம்.

மோட்டாரு மேல எதுக்கு வெச்சேன்னா, அங்கதான் படம் இருக்குது. அதுவுமில்லாம மோட்டாரு ஓடிட்டே இருக்கறதால அந்த எடம் வெதுவெதுன்னு இருக்கும். ஆத்தாளுக்குக் குளுராது பாருங்க.

ஏனுங்க தம்பி மோந்து பாக்கறீங்க? புளிச்ச வாசம் வருதுங்களா? வரத்தானுங்க செய்யும். ஒரு நாளு முழுக்க வெதுவெதுப்பா இருக்கற எடத்துல பால வெச்சா புளிக்காம என்ன பண்ணும்? ஒறைஞ்சுகூட இருக்கும். முத்தாத்தா குளுருல தயிரு ஒறையலைன்னா சட்டிய இங்கதான் கொண்டாந்து வெப்பா. ஒறைக்கு என்ன வேணும், ஒரு கரண்டி மோரு. ஒரு கரண்டி போதும் சட்டிப் பாலும் தயிராகறதுக்கு. நான் ஊத்தறது ஒரு சொம்பு... ஒரு சொம்பு...

அட.

இருங்க தம்பி. சித்த இருங்க. அப்பிடின்னா தெனமும் நானே...

அட சாமி. புருவ முடி உழுந்துரும்னு தொப்பி மாட்டிக்கிட்டு, சொம்பு நெறையத் தயிர ஊத்தியிருக்கறேன். அதுவும் தொப்பியப் போட்டுட்டே ஊத்தியிருக்கறேன்.

தம்பி, இங்க பாருங்க. நமக்குள்ள இருக்கட்டும். மோட்டாருல ஒரு வயரு போயிருச்சு, மாத்திப்போட்டேன்னு சொல்லிப்போடுங்க. நாளைல இருந்து நான் கம்முன்னு சொம்ப நிறுத்திக்கறேன். பாலு நல்லா நிக்கும், அவளும் நிப்பா. ஆருக்கும் நட்டமில்ல. நீங்க நெம்ப நல்ல ஆளு, எனக்குத் தெரியும். மொகத்த எதுக்கு அந்தப் பக்கம் திருப்பறீங்க?

ஏனுங்க, சொம்ப எங்க கொண்டு போறீங்க? வாரேன்னு சொல்லாமக் கூட கெளம்பறாரு பாரு. தம்பி, அது ஆத்தா சொம்புங்க, செருப்புப் போட்டுட்டு தூக்கக்கூடாது... தம்பி... போயிட்டாரு. நேரா வேப்பமரத்துக்குத்தான் போறாரு. அவகிட்டயே குடுக்கறாரு. வாங்கிட்டா. மோந்து பாக்கறா. இங்க பாக்கறா. மோட்டாரப் பாக்கறா.

சிரிக்கறா.

வயித்தப் புடிச்சுட்டுச் சிரிக்கறா. மெஷின் வந்ததுல இருந்து அவ இப்புடிச் சிரிச்சு நான் பாக்கல. சிரிச்சுக்கட்டும், எத்தன வேணும்னாலும் சிரிச்சுக்கட்டும். ஐயோ, ரசாக்கு வண்டி வந்துருச்சே.

ஏ ரசாக்கு, அந்தப் பையத் தொடாத, கீழ வெய்யி. பிரவீனா... கண்ணு... ஆமாங்கண்ணு, நான்தான். மெஷினும் இல்ல, நீயும் இல்ல, உங்கொப்பன்தான். அன்னைக்குச் சொன்ன வார்த்த தப்பு கண்ணு. ஓசூரு வேண்டாம் அம்மணி.

என்னது? மூடிக்குப் பூட்டா? போட்டுக்க. சாவியா? நீயே வெச்சுக்க, உங்கம்மாகிட்டக்கூடக் குடுக்காத. ஆத்தாளுக்கு என்ன வெக்கிறதா? அதத்தான் ரோசன பண்றேன்... கல்கண்டு வெச்சுப்போடலாம்.

ஏனம்மணி, கல்கண்டு எத்தன நாளைக்குக் கெடாம இருக்கும்?