குடும்பக் கணக்கில் ஒரு வீடு

இல்ல தம்பி, பாஸ்வேர்டெல்லாம் மறக்கல. நல்லாவே ஞாபகம் இருக்கு. எனக்கு மட்டுமா, எங்க அண்ணனுக்கு ஞாபகம் இருக்கு, அண்ணிக்கு ஞாபகம் இருக்கு, வெளியூர்ல உக்காந்திருக்கற சித்தப்பாவுக்குக்கூட ஞாபகம் இருக்கு. அதான் என்னைப் பிடிச்ச சனியனே. நான் வந்தது வேற விஷயமா. போன்ல இந்தக் குடும்பக் கணக்குல ஒரு விளையாட்டு இருக்கு பாருங்க, வீடு அடுக்கற விளையாட்டு. நான் வாங்கினது. அது இனிமே எங்க வீட்டாளுங்க யார் கண்ணுலயும் படக்கூடாது. அதுக்குள்ள ஒரு வீடு கட்டி வெச்சிருக்கேன், அதுல அவங்க யாரும் காலடி எடுத்து வெக்கக்கூடாது. இன்னிக்கே பண்ணியாகணும். முடியுமா முடியாதா, அத மட்டும் சொல்லுங்க.

பாருங்க, பொறுமையா பாருங்க. நான் உக்காந்திருக்கேன். உங்க கடை நாற்காலில யாரோ எதையோ கொட்டி வெச்சிருக்காங்க... பரவால்ல, பேப்பர் போட்டு உக்காந்துக்கறேன். எனக்கு என்ன அருவருப்பு? நான் பாக்கற வேலை அப்படி. பல் செட் செய்யற லேப்ல இருக்கேன். பல் டாக்டருங்க நோயாளிங்க வாய்ல அச்செடுத்து அனுப்புவாங்க. நான் அதுல பிளாஸ்டர் மாவக் கரைச்சு ஊத்தி வார்த்து, மெழுகுல பல்ல அடுக்கி, உராசி, மெருகு போட்டுக் குடுப்பேன். சில அச்சு வரும்போது மத்தியானம் தின்னதும் ஒட்டிக்கிட்டே வரும். த்தூ. அதையும் கழுவத்தான் செய்யறேன். ஆனா ஒண்ணு சொல்றேன் தம்பி, ஊரான் எச்சில கழுவும்போதுகூட எனக்கு இப்படிக் கொமட்டினதில்ல. எங்க வீட்ல நாலு பேர் சுத்தி உக்காந்து நான் என்ன வாங்கினேன்னு பேசறாங்க பாருங்க, அதக் கேக்கும்போது கொமட்டுது.

யாரு, நானா? ஆமா, நான்தான் விளையாடறேன். ஏன், என் மூஞ்சிக்கு ஒத்து வரலையா? பையனுக்கு வாங்க வந்திருக்கேன்னு நெனச்சீங்களா? எல்லாரும் அப்படித்தான் நெனைக்கறாங்க. நான் சுடற விளையாட்டு நல்லா ஆடுவேன் தம்பி. நெட்ல ஒரு குழு இருக்கு, அதுல எனக்கு டாக்டர்னு பேரு. பல்லு வேலைன்னு ஒரு தடவை வாய் தவறிச் சொல்லிட்டேன், டாக்டராவே ஆக்கிட்டாங்க. நாள் பூரா குனிஞ்ச தல நிமிராம எவன் கடவாய்ப் பல்லையோ உராசிட்டு வந்தா, நாலு பேரச் சுட்டாத்தான் எனக்கு மனசு ஆறும்.

இந்தக் குடும்பக் கணக்கு எங்க அண்ணன் பண்ணின வேலை. ஒருத்தர் வாங்கினா எல்லாரும் ஆடலாம், எதுக்கு ஆளாளுக்கு வாங்கிட்டுன்னு ஒரு நாள் எல்லார் போனையும் வாங்கி மடில அடுக்கி வெச்சுக்கிட்டு என்னவோ தட்டினான். நானும் சரி சரின்னு தலையாட்டிட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சது. நான் எது வாங்கினாலும் வீட்ல இருக்கற எல்லாப் போனும் டிங்குங்குது. உங்க குடும்பத்துல ஒருத்தர் புதுசா ஒண்ணு வாங்கியிருக்காங்க, வாழ்த்துச் சொல்லுங்கன்னு எழுத்து வருது. வாழ்த்தாம்! எவன் கேட்டான் இவங்க வாழ்த்த?

மீன் பிடிக்கற விளையாட்டு ஒண்ணு வாங்கினேன். ஒண்ணுமில்ல, சும்மா தண்ணியப் பாத்துட்டு உக்காந்திருக்கறது. அன்னிக்கு சாயங்காலம் வீட்டுக்குள்ள நுழையறேன், செருப்பக்கூடக் கழட்டல, அண்ணி உள்ளேருந்து கேக்கறாங்க, என்ன, ஏதாவது மாட்டுச்சான்னு. அந்த மாட்டுச்சால ஒரு இழுப்பு. சித்தப்பா போன்ல குரலப் பதிஞ்சு அனுப்பறாரு, ஏம்மா, இந்த வயசுல இது தேவையா, நீ புருஷன் வீட்ல இருந்திருந்தா இப்படி மீன் பிடிச்சிட்டிருப்பியாங்கறாரு. புருஷன் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்து எத்தனையோ காலம் ஆச்சு. அவனுக்கும் மீனுக்கும் என்ன தம்பி சம்பந்தம்? ஆனா கோத்துட்டாரு பாருங்க. எங்க வீட்ல எதை எடுத்தாலும் கடைசில அங்கதான் கொண்டு போய் விடுவாங்க.

வெளியாளுங்க மட்டும் யோக்கியமா? அந்தக் குழுவுல ஆணின்னு பேர் வெச்சுக்கிட்ட ஒருத்தன். நேர்ல பாத்ததில்ல, மூக்கடைச்ச மாதிரி குரல் வரும், அவ்ளோதான் தெரியும். நான் எப்போ என்ன ஆடறேன்னு என் பேருக்குக் கீழயே எழுத்து ஓடுமாமே, எனக்கு அது தெரியாது. வீடு அடுக்கிட்டிருந்தப்போ அந்த எழுத்தப் படம் பிடிச்சுக் குழுவுல போட்டுட்டான். டாக்டர் இன்னிக்குச் சண்டைக்கு வரமாட்டாங்க, திரைச்சீலை மாத்திட்டிருக்காங்கன்னு. அன்னிலேருந்து என் பேரு இல்லத்தரசி. நான் துப்பாக்கிய எடுத்தாப் போதும், ஏய், இல்லத்தரசி கரண்டியக் கீழ வெச்சுட்டாங்கடாங்கறான். சொல்றது யாரு? தன் பொம்மைக்குத் தனியா விலை குடுத்து வால் வாங்கி மாட்டினவன். அந்த வால ஆட்டிக் காட்டறதுக்கே ஒரு மணி நேரம் நிப்பான். அவன் என்னைச் சொல்றான்.

ஆனா அவங்க பிரச்சினை சுளுவா முடிஞ்சது. நானே தேடிக் கண்டுபிடிச்சேன். மறைச்சு வைன்னு ஒரு பொத்தான் இருக்கு, தட்டினேன், அத்தோட சரி. இப்ப ஆணி கண்ணுக்கு நான் எதையும் வாங்கறதுமில்ல, ஆடறதுமில்ல. வெளியாளுக்கு மறைக்கப் பொத்தான் வெச்சிருக்கான், குடும்பத்துக்கு மறைக்கத்தான் வெக்கல. இதச் செஞ்சவனுக்குக் குடும்பமே இல்ல போலிருக்கு. இருந்திருந்தா மொதல்ல அந்தப் பொத்தானத்தான் செஞ்சிருப்பான்.

என்னது, குடும்பத் தலைவர் அனுமதி குடுத்தா வெளிய வரலாமா? குடுப்பான் குடுப்பான். அண்ணன்கிட்டக் கேக்காமலா இருந்தேன்? என்னை இதுலேருந்து எடுத்து விட்டுடு, நான் தனியா ஒண்ணு வெச்சுக்கறேன்னேன். சாப்பிட்டுட்டிருந்தவன் கையக்கூட எடுக்கல. அப்படி மறைக்கறதுக்கு உனக்கு என்ன இருக்குங்கறான். அவ்ளோதான், அண்ணிக்கு வெறும் வாய்க்கு அவல் கெடச்ச மாதிரி ஆயிடுச்சு. போன எடுத்து அந்த வீடு அடுக்கற விளையாட்டப் பத்தி எழுதியிருக்கறதப் பூரா சத்தமாப் படிக்கறாங்க. இருவர் சேர்ந்து ஆடுவது. இருவர்! யாரது இன்னொருத்தர்னு கேட்டாங்க. நான் வாயத் தெறக்கல. தெறக்கலேன்னதும் அவங்களே ஒரு ஆம்பளையச் செஞ்சு, அவனுக்கு ஒரு உத்தியோகமும் போட்டுக் குடுத்து, அவனுக்கு ஏற்கெனவே ஒரு சம்சாரம் இருக்குங்கற வரைக்கும் போயிட்டாங்க. என் காது படவே சித்தப்பாவுக்குப் போன்ல சொல்றாங்க. நான் தலையக் குனிஞ்சிட்டுக் கேட்டுக்கிட்டேன். இருந்துட்டுப் போகட்டும் தம்பி. அப்படி ஒருத்தன் இருக்கான்னே நெனச்சுக்கட்டும். உண்மையக் கண்டுபிடிக்கறதுக்கு இது எவ்வளவோ மேல்.

காட்டுங்க... ஆமா, இதான் அந்த வீடு. பாத்தீங்களா? மொதல்ல காலி வீடுதான் குடுப்பான், நாலு சுவரு, ஜன்னல், கதவு. ரெண்டு பேர் சேர்ந்து சாமான் அடுக்கணும். சுட வேணாம், ஜெயிக்க வேணாம். காதுல மாட்டிக்கிட்டுப் பேசிட்டே அடுக்கலாம். வீட்ல இருக்கறவங்க நான் எவனையோ சுட்டுட்டிருக்கேன்னு நெனச்சுப்பாங்க. அந்த சோஃபா விஷயத்துல எங்களுக்குத் தெனமும் சண்டைதான். நான் ஒரு பக்கம் வெச்சா அவங்க இன்னொரு பக்கம் இழுத்துப் போடுவாங்க. ஜாடியப் பாருங்க, ஜன்னலுக்கு ஒண்ணா வெச்சிருக்கறது. எல்லாம் அவங்க வேலை. எனக்கு அந்த ரசனையெல்லாம் கெடையாது.

சரி, விஷயத்துக்கு வாங்க. அண்ணன் அனுமதி இல்லாம வெளிய வர வழியே இல்லையா? ...வேற வழி ஒண்ணு இருக்கா? அதச் சொல்லுங்க மொதல்ல. இந்த விளையாட்டயே கணக்குலேருந்து அழிச்சிடலாமா? அழிச்சா? வீடும் போயிடும். திரும்ப வராது. சரி. அப்ப அழிச்சிடுங்க.

ஏன் தம்பி அப்படிப் பாக்கறீங்க? எனக்குத் தெரியாதா இவ்ளோ வேலை பண்ணியிருக்குன்னு? ஒவ்வொரு ஜாடியா எடுத்து வெச்சதுதான். நானும் வேற வழி தேடிப் பாத்துட்டுத்தான் இங்க வந்தேன். கதவப் பூட்டலாம்னு பாத்தேன். ஊர்ல இருக்கற எல்லாருக்கும் பூட்டலாமாம், ஒரே குடும்பக் கணக்குல இருக்கறவங்க அந்த விளையாட்ட வெச்சிருந்தா அவங்களுக்கு மட்டும் கதவு தானாத் தெறந்துக்குமாம். பாசமாம்! தனிக் கணக்குல வாங்கியிருக்கணும். எனக்குப் புத்தி இல்ல, பழக்க தோஷத்துல எப்பவும் தட்டற பொத்தானத் தட்டித் தொலைச்சிட்டேன். அதுகூடப் பரவால்லன்னு இருந்தேன், ஏன்னா எங்க வீட்ல இத வேற யாரும் ஆடமாட்டாங்க. அண்ணிக்குப் படிச்சுக் காட்ட மட்டும்தான் தெரியும். ஆனா அந்தப் பாழாப் போன கணக்கு, வீடு அழகா வந்தவுடனே அதப் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பிடுச்சு. நான் கேக்கவே இல்ல, அதுவா அனுப்பிடுச்சு.

அந்த இன்னொரு பேரா? அதுக்கும் அறிவிப்பு போகும்னா போகட்டும், அவங்களுக்குத் தெரியும். அது எங்கம்மா.

ஆமா, எங்கம்மாதான். அம்மா இப்ப எங்க கூட இல்ல. ஒரு ஆஸ்பத்திரில துணி வெளுக்கற இடத்துல வேலை, அங்கயே தங்கறதுக்குக் கட்டில் குடுத்திருக்காங்க. சுவத்துல ஒரு ஆணி அடிக்கக்கூட அனுமதி இல்ல. வீட்ல இருந்தப்போ மேசைய ஜன்னலோரமா நகர்த்தி வெப்பாங்க, வெளிச்சத்துல உக்காந்து தைக்கலாம்னு. எங்கப்பா பேசாம எழுந்து வந்து பழைய இடத்துலயே இழுத்துப் போடுவாரு. திட்டமாட்டாரு, அடிக்கமாட்டாரு. நகர்த்தறதும் இழுக்கறதும், கல்யாணம் ஆனதுலேருந்து இதான். உள்தாழ்ப்பாள் எல்லாத்தையும் அவரே கழட்டினாரு, குளிக்கற ரூம்லகூட. குடும்பத்துக்குள்ள என்ன ஒளிவு மறைவும்பாரு. அம்மா குளிக்கும்போது கதவத் தெறந்து நின்னுக்கிட்டு, மின்சாரம் வீணாகுதும்பாரு. சீ, சொல்லவே நாக்கு கூசுது. ஒரு நாள் அம்மா பைய எடுத்துட்டுக் கெளம்பினாங்க, அவ்ளோதான். அவகூட ஒரு வார்த்தை பேசினாலும் அவ கூடவே போயிடணும்னாரு அப்பா. என் போன் அண்ணன் பேர்ல இருக்கு, யார்கூடப் பேசறேன்னு பாப்பான். இதுக்குள்ளதான் நாங்க பேசிக்கிட்டோம்.

அந்தப் படம் வந்தன்னிக்கு அண்ணனும் அண்ணியும் பாத்துட்டுச் சிரிச்சாங்க. அப்பா கண்ணாடியக் கொண்டான்னு கேட்டு வாங்கிப் போட்டுக்கிட்டுப் பாத்தாரு. மேசை ஜன்னலோரமா இருக்குல்ல, பாருங்க. அதையே பாத்தாரு. போனத் திருப்பி வெச்சிட்டுப் போயிட்டாரு. நேத்து லேப்ல பல்லு உராசிட்டிருக்கேன், டிங்குன்னுச்சு. உங்க குடும்பத்துல ஒருத்தர் நீங்க வாங்கின வீடு அடுக்கற விளையாட்ட எடுத்திருக்காங்க. எடுத்தது எங்கப்பாவேதான், தம்பி. வாழ்நாள்ல சீட்டுக்கட்டுகூடத் தொட்டதில்ல அவரு.

இன்னிக்குக் காலைல லேப் போன்லேருந்து அம்மாவுக்குச் சொன்னேன். அழுவாங்கன்னு நெனச்சேன். அழல. உடனே சொல்றாங்க, போன தடவை வீட்ட அவருக்கு விட்டுட்டு நான் வந்தேன், இந்த வீட்ட விடமாட்டேன், இடிச்சிடு. அவ்ளோதான் சொன்னாங்க, துணி மூட்டை வந்துடுச்சுன்னு போன வெச்சிட்டாங்க.

உறுதியாத்தான் தம்பி, எத்தன தடவை கேக்கும் அது? ஆமான்னு போடுங்க. அப்பா போன்ல அந்த விளையாட்டு இறங்கிட்டிருக்கு. நெட்டு மெதுவா இருக்குன்னு காலைலேருந்து அண்ணியப் போட்டுத் தொளச்சிட்டிருக்காரு.