இடது பக்கம் இல்லாத பிரேக்

பெயர்: பாக்யலட்சுமி. வயது 46. க/பெ சம்பத். பள்ளிக்கூடத் தெரு, சான்றோர்குப்பம், ஆம்பூர். தொழில்: ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துதல்.

நான் மேற்படி முகவரியில் என் கணவருடன் வசித்து வருகிறேன். பல வருடங்களாகக் கார் ஓட்டக் கற்றுத் தருகிறேன். கற்றுக்கொள்பவர் வலது பக்கம் உட்கார்ந்து ஓட்டுவார், நான் இடது பக்கம் உட்காருவேன். பயிற்சி வண்டியில் என் காலடியிலும் ஒரு பிரேக்கும் ஒரு கிளட்சும் உண்டு. குறுக்கே ஆட்டோ வந்தாலும் மாடு வந்தாலும் நான் கத்துவதில்லை. கத்தினால் கற்றுக்கொள்பவர் பயந்துபோய் ஸ்டீயரிங்கை விட்டுவிடுவார். ஆகவே வாயை மூடிக்கொண்டு என் பக்கத்துப் பிரேக்கை மிதிப்பேன். மதியத்துக்குள் முட்டி வலி வந்துவிடும். வழக்குக்குச் சம்பந்தமில்லாததைச் சொல்வதாக, இதை எழுதிக்கொள்ளும் உதவி ஆய்வாளர் நினைக்கிறார், சம்பந்தம் உண்டு.

தோல் பதனிடும் கெமிக்கல் வியாபாரம் செய்யும் முஸம்மில் என்பவர் என்னிடம் ஓட்டக் கற்றவர். அவரும் கார் பைத்தியம் பிடித்த அவருடைய நண்பர்களும் ஞாயிற்றுக்கிழமை காலையில், பேரணாம்பட்டு சாலையிலிருந்து பிரிந்து போகும், தொழிற்பேட்டைக்காகப் போட்டு இன்னும் திறக்காத சாலையில் கூடுவார்கள். யார் வண்டி வேகம் என்று பார்ப்பார்கள். பக்கத்துப் பக்கத்தில் விட்டுப் பந்தயம் கட்டுவதில்லை. ஒவ்வொரு வண்டியாக விட்டு, நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்ட எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒரு சின்ன ஜிபிஎஸ் பெட்டியில் பார்ப்பார்கள். ஆரம்பத்தில் அவரவர் வண்டியை அவரவரே ஓட்டியதில் வாராவாரம் சண்டை, வண்டி சரியில்லையா, ஓட்டுகிறவனுக்கு ஓட்டத் தெரியவில்லையா என்று. அதன் பிறகு முஸம்மில் என்னைக் கூப்பிட்டார். எல்லா வண்டியையும் நான்தான் ஓட்ட வேண்டும், வண்டிக்குச் சொந்தக்காரர் இடது பக்கம் பெட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும் என்று வழக்கம் வைத்துக்கொண்டார்கள். மேடு பள்ளமும் காற்றும் சமமாகட்டும் என்று போகும்போது ஒரு தடவை, கடைசியில் உள்ள சிறுபாலத்தில் திருப்பிக்கொண்டு வரும்போது ஒரு தடவை. வாரம் முழுக்க மூன்றாவது கியரையே பார்க்காத எனக்கு அது பிடித்திருந்தது. திறக்காத சாலையில் ஓட்டியது தவறு என்று உதவி ஆய்வாளர் சொல்கிறார். தவறுதான்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை காலை முஸம்மிலின் வண்டியை முதலில் ஓட்டிக் காட்டினேன். அதன் பிறகு ஷூவுக்கு சோல் செய்யும் தொழில் நடத்தும் கோதண்டராமன் என்பவரின் மகன் கௌதமின் வண்டி. அதன் இன்ஜினின் கம்ப்யூட்டரை பெங்களூரில் மாற்றி வேகம் ஏற்றியிருந்தார். வாரக்கணக்கில் அதைப் பற்றியே பேசியவர். போகும்போது ஓட்டியதில் முஸம்மிலின் வண்டியைவிட மெதுவாகவே காட்டியது. சிறுபாலத்தில் வண்டியைத் திருப்பியதும் அவர் முகம் தொங்கிப்போயிருந்தது.

"இன்னாக்கா இது? நீங்க கியரை லேட்டா மாத்துறீங்க" என்றார்.

"எல்லா வண்டிக்கும் அதே காலு, அதே கைதாம்பா" என்றேன்.

"வர்றப்ப நான் ஓட்றேன். எல்லாரும் வளைவுக்கு அந்தாண்ட இருக்கறாங்க, யாருக்கும் தெரியாது. நீங்க பாக்ஸை மட்டும் புடிச்சிக்கோங்க."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வெயில் ஏறிவிட்டது, வீட்டில் துணி ஊறிக்கொண்டிருந்தது, இவரோடு நின்று பேசுவதைவிட உட்கார்ந்து போய்ச் சேர்ந்துவிடலாம் என்று தோன்றியது. நான் இறங்கி இடது பக்கம் போய் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டேன். கௌதம் ஓட்டினார்.

அதன் பிறகு பாதி தூரத்தில், வீட்டிலிருந்தே ஷூவுக்கு மேல்தோல் தைத்துக் கொடுக்கும் ஹலீமா பீ என்பவர் இடது பக்க முட்செடிகளுக்கு நடுவிலிருந்து தலையில் மூட்டையுடன் சாலையில் கால் வைத்தார். நான் பார்த்தேன். கௌதம் பார்க்கவில்லை. அவர் என் கையில் இருந்த பெட்டியில் ஏறும் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உடனே வலது காலால் பிரேக்கை மிதித்தேன். அங்கே பிரேக் இல்லை, வெறும் தரை. என் மூளைக்கு அது எட்டவில்லை. இன்னும் பலமாக மிதித்தேன். அதன் பிறகு கௌதம் நிமிர்ந்து பார்த்து பிரேக் போட்டார். வண்டியின் இடது மூலை அந்த அம்மாளை இடித்துத் தள்ளிவிட்டு, சாலையோரக் கால்வாய்ச் சுவரில் மோதி நின்றது.

நாங்கள் இருவரும் இறங்கி ஓடினோம். மூட்டை அவிழ்ந்து மேல்தோல்கள் சாலை முழுக்கச் சிதறிக் கிடந்தன. அந்த அம்மாளின் கால் தொடைக்குக் கீழே வேறு பக்கம் திரும்பியிருந்தது. "தோலை மண்ணுல விடாதீங்கம்மா, கம்பெனில ரிஜெக்ட் ஆய்டும்" என்றார். நான் நொண்டிக்கொண்டே பொறுக்கினேன். கௌதம் என் பின்னாலேயே வந்து, "அக்கா, நீங்க ஓட்னதா சொல்லிடுங்கக்கா. அடுத்த மாசம் ஜெர்மனி போறேன், கேஸ் வந்தா வுடமாட்டாங்க" என்றார். நான் அடுத்த தோலை எடுக்கக் குனிந்தேன். மற்றவர்கள் ஓடி வரும்போது நாங்கள் இருவருமே வெளியில் நின்றோம்.

நான்தான் ஓட்டினேன் என்று முஸம்மிலும் மற்றவர்களும் போலீசில் சொல்லியிருப்பதாக அறிகிறேன். அவர்கள் பொய் சொல்லவில்லை. என்னை வலது பக்கம் உட்காரவைத்து அனுப்பியவர்கள் அவர்கள். அந்த வழக்கத்தை யாரும் மீறியதில்லை என்று நம்புகிறார்கள்.

அதன் பிறகு என் காலுக்குக் கட்டுப் போட்ட மருத்துவமனைக்கு கௌதமின் அப்பா கோதண்டராமன் வந்து, "எல்லாரும் ஒரே மாதிரி சொல்லிட்டாங்கம்மா, நீங்களும் அப்படியே வுட்ருங்க. ஸ்கூல் போச்சுன்னா நான் பாத்துக்கறேன்" என்றார். பள்ளி போனால் எனக்கு வேறு தொழில் தெரியாது. என்னிடம் கற்ற பெண்கள் இந்த ஊரில் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள், அவர்களுக்கும் நான் ஒரு கிழவியை இடித்தவளாகிவிடுவேன். "வழி வுடுங்க சார், வீட்டுக்குப் போவணும்" என்று மட்டும் சொன்னேன்.

பெல்ட் இழுத்த கன்றல் என் இடது தோளிலிருந்து வலது இடுப்புக்கு இறங்குகிறது. ஓட்டுகிறவருக்கு அது வலது தோளில் இருக்கும். என் வலது குதிகால் எலும்பில் விரிசல் இருப்பதாக மருத்துவர் கட்டுப் போட்டிருக்கிறார். கௌதம் வண்டியின் இடது பக்க ரப்பர் விரிப்பைத் தூக்கிப் பார்த்தால் என் கால் பட்ட இடம் தெரியும்.

நேற்று ஹலீமா பீயைப் பார்க்க வார்டுக்குப் போனேன். யார் ஓட்டினார்கள் என்று அவர் கேட்கவில்லை. "காலைலேந்து வண்டிச் சத்தம் கேட்டுக்கினேதான் இருந்துச்சு. அதுல எது எம்மேல வருதுன்னு எனக்கு இன்னா தெரியும்? நீ என்னைப் பாத்தியேமா. ஒரு கொரலு குடுத்திருந்தா நான் பின்னால போயிருப்பேன்" என்றார். வண்டியின் கண்ணாடிகள் இறங்கித்தான் இருந்தன. கத்தியிருந்தால் கௌதமும் நிமிர்ந்திருப்பார். எனக்கு அழுகை வந்தது. கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

வண்டியை ஓட்டியது கௌதம். பார்த்தும் கத்தாமல் இருந்தது நான். இரண்டையும் எழுதச் சொன்னேன். இரண்டாவது குற்றமாகாது, வழக்குக்குத் தேவையில்லை என்று உதவி ஆய்வாளர் பேனாவை மூடினார். ஹலீமா பீக்கு அது தேவை என்று சொன்னேன். அதன் பிறகு எழுதினார்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னதில் எதுவும் விடப்படவில்லை, சொல்லாதது எதுவும் சேர்க்கப்படவில்லை. அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) ச. பாக்யலட்சுமி