லிட்டருக்குப் பத்து

அக்கா: அந்த ஜன்னலையாவது கொஞ்சம் இறக்குங்களேன். வேர்த்து நோட்டெல்லாம் நனையுது.

அத்தான்: ம்ஹூம். ஜன்னல் திறந்தா காத்து உள்ள வரும். உள்ள வந்த காத்து வண்டிய பின்னால இழுக்கும். மச்சான்தான் சொன்னான்.

தம்பி: நான் சொன்னது எம்பதுக்கு மேல போறப்ப, அத்தான். நீங்க போறது நாப்பது.

அத்தான்: நாப்பதுல காத்து இழுக்காதா?

தம்பி: இழுக்கும், கொஞ்சூண்டு. வேகம் ரெண்டு மடங்கானா காத்தோட எதிர்ப்பு ரெண்டு மடங்கு ஆகறதில்ல, நாலு மடங்கு ஆகும். அதனால மெதுவா போறவங்க காத்தப் பத்திக் கவலையே படவேணாம். நீங்க போற வேகத்துக்கு...

அக்கா: ...ஒரு மொபெட் நம்மள முந்திட்டுப் போகுது. மேல ரெண்டு பேரு, நடுவுல ஒரு மூட்டை. பின்னால இருக்கறவரு டாட்டா காட்டுறாரு.

அத்தான்: காட்டட்டும். பங்க்குக்கு இன்னும் பதினாறு கிலோமீட்டர்தான். பொறுத்துக்கோ டீச்சர். அப்புறம் என் ஜீப் எனக்கு.

அக்கா: லிட்டருக்குப் பத்து கொடுத்தா உங்களுக்கு. கொடுக்கலன்னா நாலு மணிக்கு ஆள் வருது.

தம்பி: யாருக்கா அது?

அக்கா: எங்க ஹெட்மிஸ்ட்ரஸ் வீட்டுக்காரர். போன மாசமே வந்து சுத்திச் சுத்திப் பாத்துட்டுப் போனாரு.

அத்தான்: கதவத் திறந்து மூடிப் பாத்தாரு மச்சான். மூணு தடவ. ஜீப் வாங்க வந்தவரு, பீரோ வாங்க வந்த மாதிரி.

தம்பி: சரி விடுங்க அத்தான். கணக்கு ரொம்பச் சுலபம். போன ஞாயித்துக்கிழமை இந்த பங்க்ல டேங்க் முட்ட நிரப்பினோம். வாரம் பூரா ஓட்டியாச்சு. இன்னைக்கு மறுபடி முட்ட நிரப்பப் போறோம். இப்ப எத்தன லிட்டர் உள்ள போகுதோ அதுதான் இந்த வாரம் செலவானது. ஓடுன தூரத்த அதால...

அக்கா: டேய், நான் கணக்கு டீச்சர். வகுக்கத் தெரியும்.

தம்பி: இல்லக்கா, சொல்ல ஆரம்பிச்சா எனக்கு நிறுத்த வராது.

அக்கா: டீசல் முள்ளு வேலை செஞ்சா, இவ்ளோ சுத்தி வளைக்காம அதப் பாத்தே டேங்க்ல எவ்ளோ இருக்குன்னு தெரிஞ்சுக்கலாம். இவரு கூரை மேல எட்டு லைட்டு மாட்டுறேன்னு ஒயர இழுத்தாரு. அன்னைக்குப் படுத்த முள்ளு, ரெண்டு வருஷமா எந்திரிக்கல.

அத்தான்: இப்ப அந்த லைட்டும் இல்லையே. எல்லாத்தையும் கழட்டியாச்சு. லைட்டு, மேல கேரியர், முன்னால இரும்பு பம்பர், சேத்துல மாட்டினா வண்டிய இழுக்கற விஞ்ச்... அஞ்சு வருஷமா ஒவ்வொண்ணா மாட்டினேன். மச்சான் அவன் பட்டறையில வச்சு ஒரே நாள்ல உரிச்சுட்டான்.

தம்பி: நூத்தி எம்பது கிலோ அத்தான். மூணு பேரச் சும்மா ஏத்திக்கிட்டு தினம் ஆபீஸ் போன மாதிரி.

அக்கா: அந்த மூணு பேரும் இப்ப எங்க வீட்லதாண்டா இருக்காங்க. விஞ்ச் கட்டிலுக்குக் கீழ. பம்பர் ஹால்ல. கேரியர் மொட்டை மாடியில, அதுல துணி காயுது. வண்டியில இருக்கற ஜீப்ப விட வீட்ல இருக்கற ஜீப் அதிகம்.

அத்தான்: பம்பர்ல உக்காந்து பேப்பர் படிக்கலாம். நல்லாத்தான் இருக்கு... இரு இரு, இறக்கம் வருது. நியூட்ரல் போட்டுக்கறேன்.

தம்பி: ஐயோ, போடாதீங்க.

அத்தான்: ஏன், சும்மா உருண்டு போகுமே. இறக்கத்துல டீசல் செலவே இல்ல.

தம்பி: அதான் இல்ல. நியூட்ரல்ல இஞ்சின் அணையாம இருக்கணும்னா அதுவே டீசல் குடிச்சாகணும். கியர்லயே வச்சுட்டு ஆக்ஸிலேட்டர்ல இருந்து கால எடுத்துப் பாருங்க. அப்ப இஞ்சின சுத்த வைக்கிறது டீசல் இல்ல, சக்கரம். டீசல் பம்ப் தானா அடைச்சுக்கும். ஒரு சொட்டு போகாது.

அத்தான்: ...நெசமாவா?

தம்பி: ஆமா அத்தான். பிரேக்கும் தேயாது.

அத்தான்: இந்த வாரம் பூரா எல்லா இறக்கத்துலயும் நியூட்ரல்ல வந்தேனே மச்சான்.

தம்பி: அதனால பெருசா ஒண்ணும்... நீங்க கவலப்படாதீங்க.

அக்கா: நீ ஏண்டா தடுமாறுற?

தம்பி: தடுமாறலக்கா. வேற எடத்துல நிறைய மிச்சம் பிடிச்சிருக்கேன். முன் சக்கரத்த எடுத்துக்கோயேன். ரெண்டுலயும் நடுவுல ஒரு வட்டத் திருகு இருக்கும். சேறு, மணல்னு போறப்ப அத லாக்குக்குத் திருகினாத்தான் முன் சக்கரத்துக்கும் இஞ்சினோட பலம் போகும். தார் ரோட்டுக்கு வந்ததும் ஃப்ரீக்குத் திருப்பிடணும். அத்தான் போன வருஷம் ஆத்துல இறங்கறப்ப லாக் பண்ணினவரு...

அத்தான்: மச்சான், இத இப்பவே சொல்லியாகணுமா?

அக்கா: சொல்லுடா.

தம்பி: ...அப்படியே விட்டுட்டாரு. பதினோரு மாசம். முன்னால இருக்கற கியரு, கம்பி எல்லாம் சக்கரத்தோட சேந்து சும்மா சுத்திக்கிட்டே இருந்திருக்கு. வேலையும் இல்ல, நிக்கறதும் இல்ல. அத இழுத்துக்கிட்டுச் சுத்த வச்சது டீசல்.

அக்கா: வேலையும் இல்ல, சும்மா சுத்தறது, அதுக்குத் தீனி வேற. யாரையோ சொல்ற மாதிரி இருக்கு.

அத்தான்: ஞாயித்துக்கிழமையாவது மனுஷன் சுத்த வேணாமா?

தம்பி: இன்னொண்ணுக்கா. இதக் கேட்டா நீயே ஆச்சரியப்படுவ. கம்பெனி கொடுத்த டயரு இருபத்தெட்டு இஞ்ச். அத்தான் மாட்டினது முப்பத்தொண்ணு. ஆனா மீட்டருக்குக் கண்ணு கிடையாது. சக்கரம் எத்தன சுத்து சுத்துதுன்னு எண்ணும். ஒரு சுத்துக்கு இவ்ளோ தூரம்னு கம்பெனி சொல்லிக் கொடுத்தத வச்சுப் பெருக்கும். இப்ப சக்கரம் பெருசு, ஒரு சுத்துல வண்டி இன்னும் அதிக தூரம் போகுது. அது மீட்டருக்குத் தெரியாது. பழைய கணக்கையே...

அக்கா: இருபது மைல்கல் தாண்டினா மீட்டர் பதினெட்டுதான் காட்டும்.

தம்பி: ...உனக்கு எப்படித் தெரியும்?

அக்கா: மூணு மாசம் முன்னாடி எண்ணிப் பாத்தேன். பங்க் போய்ச் சேர்றப்ப இந்த வாரம் மீட்டர்ல முன்னூறு ஆகும். உண்மையில ஓடினது முன்னூத்து முப்பத்திரண்டு. நோட்டுல அப்படித்தான் எழுதியிருக்கேன்.

அத்தான்: மூணு மாசமா தெரியுமா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?

அக்கா: நீங்க கேக்கல.

அத்தான்: அப்ப ஏழுதான் கொடுக்குது, ஏழுதான் கொடுக்குதுன்னு பெரியம்மா வீட்ல எல்லார் முன்னாடியும் என்னக் கிழிச்சியே. அது ஏழே இல்லையே.

அக்கா: ஏழே முக்கால். முக்காலுக்காக உங்களுக்கு மாலை போடணுமா?

அத்தான்: முக்கால் முக்கால்தானே... அன்னைக்குத்தானே சொன்ன, பத்து கொடுத்தா இருக்கட்டும், இல்லன்னா வித்துடுவோம்னு. பெரியம்மா வேற, இவ சொன்னா செய்வான்னு சொல்லிட்டாங்க.

அக்கா: ஆமா, சொன்னேன்.

அத்தான்: சொன்னத மாத்திக்கலாம். தப்பே இல்ல.

அக்கா: நானா?

அத்தான்: ...சரி, விடு.

தம்பி: அத்தான், கியரு. மேடு வருது, ஒண்ணு குறைங்க. இஞ்சின் திணறுது பாருங்க.

அத்தான்: பாவம் மச்சான் இது. எந்த மேடுன்னாலும் ஏறும். இத வாங்கிட்டுப் போய் அந்தாளு என்ன பண்ணப் போறாரோ.

அக்கா: புள்ளைங்கள ஸ்கூல்ல விடுவாராம். திரும்பி வீட்டுக்கு வருவாராம். ஆத்துல எல்லாம் இறக்கவே மாட்டாராம். பின் சீட்டுக்கு வெல்வெட் உறை போடப் போறாராம்.

அத்தான்: வெல்வெட்டா...

தம்பி: ஏன்க்கா, உனக்கு அதுதானே பிடிக்கும். வண்டி சுத்தமா, சத்தமில்லாம...

அக்கா: எனக்குப் பிடிச்சா என்ன, பிடிக்கலன்னா என்ன. ரோட்டப் பாத்து ஓட்டச் சொல்லு. பங்க் வந்தாச்சு.

தம்பி: அத்தான், அங்க இல்ல. போன வாரம் நின்ன அதே எடத்துல நிறுத்துங்க. தரை ஒரு பக்கம் சரிஞ்சிருந்தா டேங்க்குக்குள்ள டீசலும் ஒரு பக்கமா நிக்கும். ரெண்டு லிட்டர் கூடக் குறையக் காட்டும்.

அக்கா: அந்த எண்ணெய்க் கறை மேலதான் முன் சக்கரம் இருந்துச்சு. இன்னும் கொஞ்சம் முன்னால... போதும்.

தம்பி: அண்ணே, முட்டப் போடுங்க. கட் ஆனதும் கொஞ்சம் நிறுத்துங்க, நுரை அடங்கட்டும். அப்புறம் மறுபடி.

அத்தான்: என்னால பாக்க முடியாது. நீயே படிச்சுச் சொல்லு மச்சான்.

அக்கா: முப்பத்துமூணுக்குள்ள நின்னாத்தான் பத்து. ஞாபகம் இருக்கட்டும்.

தம்பி: மூணு... அஞ்சு... ஏழு...

அத்தான்: மெதுவா சொல்லு.

தம்பி: எட்டு... ஒம்பது... நின்னுருச்சு.

அத்தான்: அது நுரை.

தம்பி: நுரைதான் அத்தான். அண்ணே, இன்னொரு தடவ அழுத்துங்க... ஏறலையா? கொஞ்சம் பொறுத்துப் பாருங்களேன்...

அக்கா: என்ன சொல்றாரு?

தம்பி: இதுக்கு மேல அழுத்தினா தரையிலதான் ஊத்தும்ங்கறாரு.

அக்கா: ஒம்பது லிட்டர். முன்னூத்து முப்பத்திரண்ட ஒம்பதால வகுத்தா... முப்பத்தாறு புள்ளி ஒம்பது.

அத்தான்: நல்ல மைலேஜ்.

அக்கா: நல்ல மைலேஜா? ரெண்டு டன் இரும்புங்க இது. லிட்டருக்கு முப்பத்தேழா?

தம்பி: டயர்ல காத்து கொஞ்சம் கூட வச்சேன்ல, அக்கா. டயர் கெட்டியா இருந்தா உருள்றப்ப நசுங்காது. நசுங்காட்டி இழுவை குறையும்.

அக்கா: எவ்ளோ குறையும்?

தம்பி: குறையும்...

அத்தான்: கேரியரையும் கழட்டியிருக்கோம்.

அக்கா: ரெண்டு பேரும் மூஞ்சிய இப்படித் திருப்புங்க. எங்க பாக்கறீங்க? அங்க காத்தடிக்கிற மிஷின்ல என்ன இருக்கு? என்னங்க, எத்தன லிட்டர்?

அத்தான்: எத்தன லிட்டர்னா?

அக்கா: ஊத்துனது.

அத்தான்: ...பத்து.

அக்கா: எப்ப?

அத்தான்: புதன்கிழமை. நீ பேப்பர் திருத்திக்கிட்டு இருந்த. ஆறு போதும்னுதான் நெனச்சேன். அப்புறம் பயமா இருந்துச்சு.

தம்பி: அத்தான், நீங்களா?

அக்கா: இருடா, நீ ஒண்ணும் நல்லவன் வேஷம் போடாத. பத்தொம்பதால வகுத்தா பதினேழரை வருது. அதையும் இந்த வண்டி தராது. நீ எவ்ளோ?

தம்பி: ...நேத்து. காத்து சரியா இருக்கான்னு பாக்க வண்டி பட்டறைக்கு வந்துச்சுல்ல.

அக்கா: எவ்ளோன்னு கேட்டேன்.

தம்பி: பத்து.

அத்தான்: மச்சான், அப்ப நீ செஞ்ச வேலை மேல உனக்கே நம்பிக்கை இல்லையா?

தம்பி: உங்களுக்கு இருந்துச்சா அத்தான்? நான் என்ன பண்ணுவேன். ஆத்துல இறங்கி, சேத்துல மாட்டி, எதையாவது உடைச்சுக்கிட்டு என் பட்டறைக்கு வாராவாரம் வர்றது நீங்க ஒருத்தர்தான். வெல்வெட் உறைக்காரர் வருவாரா?

அத்தான்: சரி, ஏமாத்தினது ஏமாத்தினதுதான். டீச்சர்... நாலு மணிக்கு அவர வரச் சொல்லிடு. சாவிய நானே கொடுக்கறேன்.

அக்கா: அவசரப்படாதீங்க. பரீட்சையில காப்பியடிச்சா அந்தப் பக்கத்த மட்டும்தான் கோடு போட்டு அடிப்போம். பேப்பரையே கிழிக்க மாட்டோம்.

அத்தான்: அப்படின்னா?

அக்கா: உங்க பத்து, இவன் பத்து, இப்ப போட்ட ஒம்பது. மொத்தம் இருபத்தொம்பது. அதுதான் செலவு. முன்னூத்து முப்பத்திரண்ட இருபத்தொம்பதால வகுக்கறேன்... பதினொண்ணு புள்ளி நாலு.

அத்தான்: ...பத்துக்கு மேலயா?

அக்கா: பதினொண்ணு பத்துக்கு மேலதானே.

அத்தான்: இரு... அப்ப நாங்க ஊத்தாமலே...

அக்கா: ஊத்தாமலே பாஸ். நான் சொன்னது பத்து. வந்தது பதினொண்ணு. சொன்னா சொன்னதுதான்.

அத்தான்: மச்சான், கேட்டியா? உன் கைக்கு மோதிரம் போடணும்டா. திருகு, டயரு, காத்து... எல்லாம் நெசமாவே வேலை செஞ்சிருக்கு. நாம ரெண்டு பேரும்தான் முட்டாளுங்க.

தம்பி: ஆமா அத்தான்... ஆனா...

அக்கா: ஹெட்மிஸ்ட்ரஸ் வீட்டுக்காரருக்கு நீங்களே போன் பண்ணி விக்கறதா இல்லன்னு சொல்லிடுங்க. இங்க இல்ல. பங்க்ல போன எடுக்காதீங்க. அந்த மரத்தடிக்குப் போய்ப் பேசுங்க.

அத்தான்: போறேன் போறேன். நல்ல பீரோவா பாத்து வாங்கிக்கச் சொல்றேன்.

அக்கா: மரியாதையா பேசுங்க. அவங்க என் ஹெட்மிஸ்ட்ரஸ்.

தம்பி: ...அக்கா.

அக்கா: ம்.

தம்பி: அத்தான் போயிட்டாரு. ஒண்ணு கேக்கவா?

அக்கா: கேக்காம இருக்க உனக்கு வராதே.

தம்பி: முந்தாநேத்து ராத்திரியெல்லாம் உக்காந்து கணக்குப் போட்டேன்க்கா. எடை குறைஞ்சதுக்கு இவ்ளோ, திருகுக்கு இவ்ளோ, டயர் காத்துக்கு இவ்ளோன்னு ஒவ்வொண்ணா. எப்படிக் கூட்டினாலும் எட்டரைக்கு மேல வரவே இல்ல. அதனாலதான் பயந்து போய் ஊத்தினேன். இந்தப் பதினொண்ணு எங்கேர்ந்து வந்துச்சுன்னு எனக்குப் பிடிபடவே மாட்டேங்குது. எந்த எடத்துல தப்புப் பண்ணினேன்?

அக்கா: எங்கயும் தப்பு பண்ணலடா, எட்டரைதான். வெள்ளிக்கிழமை நான் ஊத்துன பத்து லிட்டர் உனக்கு எப்படித் தெரியும்?