டிவி சத்தம் என்று சொன்னேன்

குண்டு விழுகிறது. முதலில் நீண்ட சீழ்க்கை. பிறகு வெடி. பிறகு மண் சரிந்து கொட்டும் ஒலி. எல்லாம் என் காதுக்குள் நடக்கிறது. நான் நிற்பது காரிமங்கலத்தில், என் வீட்டுச் சமையலறையில். வியாழக்கிழமை, காலை பத்து மணி பத்து நிமிடம். கையில் கைபேசி. மறுமுனையில் என் மகன் செந்தில். எல்லையில், ஒரு பதுங்குகுழியில்.

"அப்பா, கவிதா வேலைக்குப் போயிட்டாளாங்க?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அவனுக்குப் பின்னால் யாரோ இந்தியில் கத்தினார்கள். இவனும் கத்தினான்.

"படு! படு! தலையத் தூக்காத!"

மறுபடி சீழ்க்கை. இந்த முறை வெடி கேட்கவில்லை. இணைப்பு அறுந்துவிட்டது.

பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தச் சண்டை சில நாட்களில் முடிந்தது. கடைவீதியில் பட்டாசு வெடித்தார்கள். என் வீட்டில் நடந்தது எந்தச் செய்தியிலும் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். நான் ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியன். போரின் காரணங்களையும் விளைவுகளையும் ஐந்து மதிப்பெண் கேள்வியாகக் கேட்டுப் பிழைத்தவன்.

கவிதா என் மருமகள். அப்போது ஐந்தாம் மாதம். ஓசூர்ப் பக்கம் செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. அதிகாலை நாலரைக்குக் கம்பெனி பஸ். திரும்புவது மாலை நான்கு. உள்ளே போகும்போது கைபேசியை வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஷிப்டு முழுக்க நின்றபடி வேலை. உட்கார்ந்து செய்யும் வேலை கேட்டாள். "நீ உக்காந்தா லைனே உக்காந்துரும்மா" என்று சூப்பர்வைசர் சொன்னானாம். சிரித்துக்கொண்டே எங்களிடம் சொன்னாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன.

வீட்டில் என் மனைவி ராஜம்மாள். பக்கவாதம். வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு இல்லை. கவிதா எழுந்து சமைத்து வைத்துவிட்டுப் போவாள். வந்து அத்தையைக் குளிப்பாட்டுவாள். நான் செய்தித்தாள் படிப்பேன். எனக்கு உடம்பு முடியாமல் இல்லை. பழக்கமில்லை, அவ்வளவுதான்.

அதற்கு முந்திய ஞாயிறு செந்திலும் அவளும் போனில் சண்டை போட்டார்கள். வேலையை விடு என்றான் அவன். "இன்னும் ஒரு மாசம் போனா பர்மனென்ட் பண்றாங்க. இப்ப விட்டா இத்தன நாளு நின்னது எதுக்கு?" என்றாள் அவள். போனை வைத்தாள். அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை.

புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கவிதாவுக்கு இரத்த அழுத்தம் கூடியிருக்கிறது என்றார்கள். மனதை அலட்டிக்கொள்ளக் கூடாது என்றார்கள். அன்று இரவே எல்லையில் சண்டை. போர்ச் செய்தி பார்க்காதே என்று அவள் கைபேசியைக் கேட்டேன். கொடுத்தாள். "நீங்களே வச்சுக்குங்க மாமா. அவரு பேசினா மட்டும் குடுங்க." அணைத்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

வியாழன் பகல் இரண்டரை. செந்திலின் பட்டாளத்து நண்பன் பேசினான். தமிழ்ப் பையன். "ஐயா, செந்திலுக்கு வயித்துல குண்டுச் சில்லு பாஞ்சிருச்சுங்க. ஆபரேசன் முடிஞ்சுது. தைரியமா இருங்க."

என் தங்கை சின்னப்பொண்ணு அடுத்த தெருவில் இருக்கிறாள். அவளிடம் மட்டும் சொன்னேன். அழுதாள். பிறகு என் கையைப் பிடித்தாள். "வாயும் வயிறுமா இருக்கறவ காதுல போட்டுறாதண்ணா. புள்ளைக்கு ஆகாது." எங்கள் பக்கத்தில் இது எழுதாத சட்டம். சொந்தத்தில் சாவு விழுந்தால்கூடக் கர்ப்பிணிக்குக் கடைசியாகத்தான் தெரியும். சகுனம், நல்ல நேரம் என்று எதையும் நம்பாதவன் நான். இதற்கு மட்டும் தலையாட்டினேன். அறிவியலும் என் பக்கம் இருப்பதாக நினைத்தேன்.

நான்கு மணிக்குக் கவிதா வந்தாள்.

"அவரு பேசினாருங்களா மாமா?"

"பேசினான். நல்லா இருக்கறான். அங்க டவர் இல்லையாம்."

சோறு போட்டாள். சாப்பிட்டேன்.

வெள்ளி. அவள் வேலைக்குப் போகிறாள். நான் டிவியைப் போடவில்லை. அக்கம்பக்கத்து டிவிகளில் எல்லாம் குண்டுச் சத்தம். ஜன்னல்களைச் சாத்தினேன். "ஏன் மாமா, வெயில்ல வேகுது" என்றாள். "கொசு" என்றேன்.

சனி. மாலை நான்கு. கவிதா சிரித்த முகத்தோடு வருகிறாள். செருப்பைக் கழற்றும்போதே சொல்கிறாள். "மாமா, இன்னைக்கு அவரு பேசினா ஒடனே எங்கிட்டக் குடுங்க. ஒண்ணு சொல்லணும்."

"எங்கிட்டச் சொல்லு. நான் சொல்லிடறேன்."

"ஐயோ, உங்ககிட்ட எப்படிங்க!" வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். உள்ளே போய்விட்டாள்.

ஐந்து இருபது. குளியலறையில் அத்தையை நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் ஊற்றுகிறாள். கதவு பாதி திறந்திருக்கிறது. என் கைபேசி அடிக்கிறது. நண்பனின் எண். பேசியது செந்தில்.

குரல் குரலாக இல்லை. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே மூச்சு. பின்னால் ஏதோ கருவி ஒரே சீராகக் கூவிக்கொண்டிருந்தது.

"அப்பா... அவ போன் ஆப்ல இருக்குதுங்க. இன்னும் கோவமா இருக்கறாளா?"

"அதெல்லாம் இல்லடா."

"குடுங்கப்பா."

இந்தக் குரலைக் கேட்டால் முதல் சொல்லிலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். நாளைக்குக் குரல் தேறும், நாளைக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். "வேலைக்குப் போயிருக்கறா. இன்னைக்கு ஓவர்டைம்" என்றேன்.

அப்போது குளியலறையில் கவிதா பேசினாள். உரக்க, சிரிப்போடு. "அத்தை, ஆடாம உக்காருங்க! இன்னைக்கு லைன்ல நிக்கறப்போ உங்க பேரன் மொத மொதலா ஒதைச்சான். அவன் உள்ள கபடி ஆடறான், நீங்க வெளிய ஆடறீங்க!"

அந்தச் சத்தம் செந்திலுக்கும் எட்டியது.

"அவ சத்தமாட்டம் கேக்குதுங்களே."

"டிவி சத்தம்" என்றேன்.

கருவி கூவிக்கொண்டே இருந்தது.

"என்ன சொல்லுதுங்க டிவியில?"

"ஏதோ நாடகம். நீ தூங்குடா. நாளைக்குப் பேசலாம்."

"சரிங்கப்பா."

ஞாயிறு. விடுமுறை நாளிலும் வேலை; அவளுக்கு நிஜமாகவே ஓவர்டைம். நாலரை பஸ்ஸில் போய்விட்டாள். ஆறு பத்துக்கு நண்பன் பேசினான். "ஐயா" என்றான். பிறகு அழுதான். செந்தில் போய்விட்டான்.

அப்போதும் அதே புத்தி. கவிதாவின் தாய் பக்கத்தில் இருக்கும்போதுதான் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தேன். தங்கையை ராஜம்மாளிடம் விட்டேன். செய்தி சொல்ல வந்த அதிகாரிகளிடம் கெஞ்சினேன், மருமகளுக்கு இன்னும் தெரியாது என்று. பாப்பிரெட்டிப்பட்டிக்குப் போனேன், அவள் அம்மாவை அழைத்துவர.

காரில் நாங்கள் திரும்பியபோது மணி நாலேகால். கம்பெனி பஸ் நிற்கும் முக்கில் கூட்டம். இளைஞர்கள் பிளெக்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். பத்தடி உயரம். சீருடையில் செந்தில். வீரவணக்கம். பாதி கட்டியிருந்தார்கள். ஒரு மூலை காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. அதன் கீழே தார்ச்சாலை ஓரத்தில் கவிதா உட்கார்ந்திருந்தாள். டிபன் பை மடியில்.

"அக்காவுக்குச் சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சோம் சார்" என்றான் ஒருவன். என்னிடம் படித்தவன்.

அவள் அம்மா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். கவிதா அழவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"எப்ப அடிபட்டுது?"

"வியாழக்கிழமை."

"நடுவுல பேசினாருங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "நேத்து சாயந்திரம்."

"நான் எங்க இருந்தேன்?"

"அத்தையக் குளிப்பாட்டிட்டு இருந்த."

எல்லாவற்றையும் சொன்னேன். டிவி சத்தம் என்றதையும் சொன்னேன். நடுச்சாலையில், கூட்டத்துக்கு முன்னால். அவள் தரையைப் பார்த்தபடி கேட்டாள். பிறகு சொன்னாள்.

"என் சத்தம் அவருக்குத் தெரியும் மாமா. வூட்ல இருந்துக்கிட்டே நான் பேசமாட்டேன்னுட்டேன்னு நெனச்சுட்டுப் போயிருக்கறாரு."

அதற்குப் பிறகு அவள் என்னை மாமா என்று கூப்பிட்டதில்லை.

உடல் செவ்வாய்க்கிழமை வந்தது. துப்பாக்கிகள் வானத்தை நோக்கிச் சுட்டன. மரங்களிலிருந்து காக்கைகள் எழுந்தன. கவிதா வயிற்றை இரு கைகளாலும் மூடிக்கொண்டு நின்றாள். புதன்கிழமை தன் அம்மாவோடு போனாள்.

இழந்தவை.

செந்தில். முப்பத்தொரு வயது. என் ஒரே மகன்.

ராஜம்மாள். அதே ஆண்டு ஐப்பசி மழையில் போனாள். கடைசி மாதங்களில் நான்தான் குளிப்பாட்டினேன். கற்றுக்கொள்ள ஒரு நாள்கூட ஆகவில்லை.

கவிதாவின் வேலை. நிரந்தரமாக ஒரு மாதம் இருந்தபோது நின்றுபோனது.

கவிதா. உயிரோடு இருக்கிறாள். எனக்கு இல்லை.

ஒரு பேத்தி. பெண் குழந்தை, நல்லபடியாகப் பிறந்தது. இப்போது நடக்கிறாளாம். தங்கை சொன்னாள். நான் பார்த்ததில்லை.

தன் குழந்தை உதைத்ததை என் மகன் அறியாமலே போனான். அதைக் குண்டு செய்யவில்லை. நான் செய்தேன்.