சர்ச்சுக்குள் புகுந்த பேய்ப்பட மெட்டு

பேய்ப்படத்தை நீங்கள் காதைப் பொத்திக்கொண்டு பார்த்ததுண்டா? மார்த்தாண்டம் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருந்த சர்ச் ஆர்மோனியக்காரர் பார்த்திருக்கிறார்.

“காதைப் பொத்தினா பேய் வெறும் வெள்ளைச்சேலைதான் மக்கா. கையை எடுத்தேன், வயலின் கேட்டுது பாரு, உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு!”

“படம் பாக்கப் போனது போதகருக்குத் தெரியுமாலே?” என்றார் பக்கத்திலிருந்த கூட்டாளி.

“கேளு. போன ஞாயிறு ஜெபம் முடிஞ்சதும் விரலு தானா அந்த மெட்டுக்குப் போயிட்டு. சபையில ஒரு அனக்கம், ஒரு சத்தம் இல்ல. போதகர் என் கையைப் பிடிச்சு அழுதாரு. பரலோகத்து ராகமாம். நாளைக்கு ஞாயிறும் அதையே வாசிக்கணுமாம்.”

“பேய் வாற மெட்டுன்னு சொன்னியா?”

“எப்படிலே சொல்லுவேன்? தெரிஞ்சா ஆர்மோனியத்தைத் தொடவே விடமாட்டாரு.”

“அப்போ நாளைக்கு?”

பஸ் தக்கலையில் நிற்கிறது. ஆர்மோனியக்காரர் விரல்கள் தொடைமேல் ஓடிக்கொண்டிருக்கின்றன.