அட்டைக்குள் இருந்த பதினொரு பில்கள்

பெயரும் முகவரியும் சென்ற மாதம் நான் கொடுத்த புகாரில் உள்ளவையே. வயது எழுபத்தொன்று. தொழில் புத்தக பைண்டிங். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பைண்டிங்குக்கு வந்த பேரேடுகளைப் படித்தே கணக்கு கற்றுக்கொண்டேன். பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வு எழுதிக் கொடுக்கும் இளைஞர் சங்கத்தில் நான் பொருளாளர். நன்கொடைப் பணம் முழுவதும், எழுதப் போகும் பிள்ளைகளின் வேன் வாடகைக்கே போகிறது.

சென்ற மாதம், சங்கத்தின் செயலாளரான பெண் வேன் வாடகை பில்களை என் மேசையில் வைத்து, “பெரியப்பா, பழைய பேப்பரோட சேத்துடாதீங்க” என்றாள். “அம்பது வருஷமா பேப்பர்லயே பொழப்பு நடத்துறவன்கிட்ட வந்து சொல்றியா?” என்றேன். அதன் பிறகு, பிய்ந்திருந்த கணக்குப் புத்தகத்துக்குப் புது அட்டை போட்டேன்.

அதன் பிறகு நடந்த சங்கக் கூட்டத்தில், கணக்குக் காட்டப் பில்கள் இல்லை. கொடுத்துவிட்டதாக அவள் சொல்லவும், “காத்துல பறந்துடுச்சா?” என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டு, மறுநாள் இந்தக் காவல் நிலையத்தில் அவள்மீது கையாடல் புகார் கொடுத்தேன். அதன் பிறகு சங்கத்தின் வங்கிக் கணக்கு முடக்கப்பட்டது. வாடகை கட்ட முடியாததால் தேர்வு நாளில் வேன் வரவில்லை. எழுத ஆள் வராத ஒரு மாணவனின் விடைத்தாளில், கண்காணிப்பாளர் எழுதிய பதிவெண் மட்டுமே இருந்ததாக அறிந்தேன். விசாரணைக்காக நான்கு நாட்கள் அந்தப் பெண் உட்கார்ந்திருந்த பெஞ்சில்தான் இப்போது நான் இருக்கிறேன்.

நேற்றுக் காலை என் மனைவி கணக்குப் புத்தகத்தின்மேல் ஈரச் சொம்பை வைத்ததில் அட்டையின் உள்தாள் உப்பி எழுந்தது. பிரித்தேன். அட்டை விறைப்பாக நிற்க நான் ஒட்டியிருந்த தாள்கள் பதினொன்றும் அந்த பில்களே. “உங்க கைவேலைதானே?” என்றாள் மனைவி. ஆம் என்றேன்.

அவள் பில்களை என் கையில் கொடுத்திருக்கலாம் என்று இன்னமும் நினைக்கிறேன். அதற்காக அவளுக்குத் திருட்டுப் பட்டம் கட்டியது என் குற்றம்.

“வயசாயிடுச்சு, மறதின்னு போட்டுக்கலாமா ஐயா?” என்று இந்த வாக்குமூலத்தை எழுதும் எழுத்தர் கேட்டார். மறுத்துவிட்டேன். எனக்கு மறதி இல்லை. ஒட்டும்போது வெள்ளைப் பக்கம் மேலே இருந்தது. திருப்பிப் பார்க்கத் தோன்றியது. அவள் சொல்லியா பார்ப்பது என்று பார்க்கவில்லை.

படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே உள்ளது, அத்தனையும் உண்மை. புகாரில் என் கையெழுத்தின் கீழ் ‘பொருளாளர்’ என்று எழுதியிருந்தேன். இதில்,

(கையெழுத்து)
பைண்டர்