கிருபா தின்ன பழம்

இல்ல டாக்டர், சத்தியமா வேற ஒரு மருந்தும் குடுக்கல. முந்தாநேத்து நீங்க போட்டீங்களே வயித்துப் பூச்சிக்கு ஊசி, அது ஒண்ணு தான். உங்கள குத்தம் சொல்ல வரல. எடை பாத்து அளவா தான் போட்டீங்க, நானும் பக்கத்துல தான நின்னேன்? ஆனா நேத்து சாயங்காலத்துலேந்து பாருங்க, தலைய தொங்கப் போட்டுகிட்டு, எச்சி ஒழுக, குடிகாரன் மாதிரி சுவத்துல போயி முட்டுது. கண்ணும் தெரியல போல. பச்சக் குட்டி டாக்டர், பால் மறந்து ஒரு மாசம் கூட ஆவல.

ஆடு வளக்கறவங்களா நாங்க? நீங்க வேற. முடிச்சூர்ல ஏது எடம்? சர்ச்சுல அறுப்பின் பண்டிகைக்கு ஏலம் விடுவாங்கல்ல, பூசணிக்கா, கோழி, கேக்குன்னு? அதுல இந்தக் குட்டியக் கொண்டாந்து நிறுத்துனாங்க. எங்க வீட்டுக்காரர் படக்குனு கைய தூக்கிட்டார். ஜீவரத்தினம் சாரா கை தூக்கறார்னு சபையே திரும்பிப் பாத்துது. எங்க பையன் ஃபிரெடி பைக்ல அடிபட்டுப் போனதுலேந்து அவர் யார்கிட்டயும் வாய் தொறக்கறதில்ல, என்கிட்ட கூட. எல்லாரும் பிரியாணிக்குன்னு நெனச்சாங்க. இவர் கிருபான்னு பேரு வெச்சுட்டார். மனுஷனுக்குப் பேச்சு வந்ததே இதுகிட்ட தான். அதனால தான் கெஞ்சறேன், இது போச்சுன்னா அவர் தாங்க மாட்டார்.

வீட்டுல யாராவது ஹார்ட்டுக்கு மாத்திரை சாப்பிடறாங்களாவா? நல்லா இருக்கே, ஆட்டுக்கு வைத்தியம் பாக்கச் சொன்னா வீட்டு ஜாதகத்தையே கேக்கறீங்க! அவர் தான் சாப்பிடறார், நெஞ்சு படபடப்புக்கு. ஆமா, நீங்க சொல்ற அதே பேரு தான்.

என்னது? அதோட சேந்தா பூச்சி மருந்து உடம்ப விட்டு வெளிய போகாதா? உள்ளயே தேங்கி மூளைக்கு ஏறிடுமா? குட்டின்னா இன்னும் மோசமா? ஐயோ கர்த்தரே! ஆனா அது எப்படி இது வாய்க்குள்ள போகும்? மாத்திரை பீரோவுக்குள்ள, சாவி என்கிட்ட. என் கையால தான் அவருக்கு...

இருங்க. ஒரு நிமிஷம் இருங்க டாக்டர்.

அவருக்கு மாத்திரைன்னா தொண்டைல நிக்கும். அதனால வாழப்பழத்தக் கீறி உள்ள வெச்சுக் குடுப்பேன். என் முன்னாடி தின்னுங்கன்னா கோவம் வரும், நான் என்ன உன் கிளாஸ் பையனாம்பார். வாங்கிகிட்டுக் கொல்லைப் பக்கம் போயிடுவார். ரெண்டு வாரம் முன்னாடி படபடப்பு அடங்கவே இல்லன்னு அவரோட டாக்டர் டோஸக் கூட்டினாங்க. கூட்டியும் மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது. நான் என்னடான்னா அந்தப் பாழாப்போன மாத்திரையத் திட்டிகிட்டு கெடந்தேன்.

காலைல துணி ஊற வெக்கறேன், அவர் சட்டப் பாக்கெட்டுல பழம் கொழகொழன்னு கையில வருது. என்னங்க இதுன்னா, தினம் போல நேத்தும் கிருபாக்குக் குடுத்தேன், நேத்து தான் அது வாயே தொறக்கலன்னார். சட்டையெல்லாம் கறையாச்சேன்னு கத்திட்டு, குட்டியத் தூக்கிகிட்டு ஓடியாந்தேன். உள்ள என்ன இருந்துதுன்னு யோசிக்கல பாருங்க. காலம் பூரா கணக்கு டீச்சர் நான்.

அழல டாக்டர். பினாயில் நெடி, கண்ணு கரிக்குது.

அவர் இதுக்குக் கெடுதல் நெனப்பாரா? அதுக்குப் பழம்னா உசுரு, குடுத்திருக்கார். அவருக்குத் தான் எதுவும் வேணாம். மாத்திரை மட்டும் தான் வேணாமா, இல்ல ஃபிரெடிகிட்டயே போயிடணும்னு இருக்காரா? கேக்கவே பயமா இருக்கு எனக்கு.

நீங்க ட்ரிப்ஸ் ஏத்துங்க. அவர் வெளிய ஆட்டோலயே உக்காந்திருக்கார், உள்ள வர மாட்டேன்னுட்டார். நான் சொன்னா எடுபடாது, நீங்க வந்து சொல்லுங்க. அவர் மாத்திரைய அவரே முழுங்கினா தான் கிருபா பொழைக்கும்னு சொல்லுங்க. அது ஒண்ணும் பொய் இல்லியே டாக்டர்?